ரொட்டிக் கடையும் சுதந்திரமும்

தேசங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் போர்க்களத்தைப் பற்றி எழுதுகின்றனர். சட்டசபையைப் பற்றி எழுதுகின்றனர். சிறைச்சாலையைப் பற்றியும் எழுதுகின்றனர். சமையற்கட்டைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், பசித்த வயிற்றுடன் ஒரு போராட்டம் நெடுநாள் நிற்பது அரிது என்பதை, வேலைநிறுத்தத்திலோ சத்தியாக்கிரகத்திலோ ஒரு நாளேனும் பங்குகொண்டவர் அறிவர். மேடையில் முழங்கியவரின் பெயரை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். கூட்டம் கலைந்து நள்ளிரவில் திரும்பிய தொண்டர்களுக்கு உலை வைத்துக் காத்திருந்தவரின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம்மவர் பழமொழி. பழமொழியைச் சொல்லுகிறோம், நினைப்பதை மட்டும் மறந்து விடுகிறோம்.

இந்த மறதிக்கு மருந்தாக ஒரு நகரத்தின் கதையை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், லூயிசியானா ராஜ்யத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையில் அமைந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரம். நம் கதைக்கு உரியவர்கள் அந்நகரின் பிரபுக்கள் அல்லர். தெருமுனையில் ரொட்டியைப் பிளந்து, நடுவே கறியும் மீனும் வைத்து விற்ற சாதாரணக் கடைக்காரர்கள். அவர்களுடைய கடைகளில் இரண்டு கேள்விகள் எழுந்தன. காசில்லாமல் வந்து நிற்கும் தொழிலாளிக்கு உணவிடலாமா என்பது ஒன்று. யார் யாருடன் சமமாக உட்கார்ந்து உண்ணலாம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு நல்ல மனமுள்ள இரு சகோதரர் ஒரே கடிதத்தில் விடை எழுதிவிட்டனர். இரண்டாவது கேள்விக்கு விடை காணப் பலர் சிறை செல்ல வேண்டியதாயிற்று; வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை செல்ல வேண்டியதாயிற்று.

கடையும் பண்டமும்

சாண்ட்விச் என்பது இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதையேனும் வைத்து, தட்டும் கரண்டியும் இன்றிக் கையாலேயே உண்ணும் பண்டம். வேலைக்காரனின் உணவாக அது உலகெங்கும் பரவியதற்குக் காரணம் இந்த எளிமையே. நியூ ஆர்லியன்ஸில் அதற்குத் தனியானதொரு வடிவம் உண்டு. முழங்கைக்கு மேற்பட்ட நீளமுள்ள ரொட்டி. மேற்றோல் மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். உள்ளே பஞ்சு போன்ற மென்மை. அதை நீளவாக்கில் பிளந்து, மாவில் புரட்டிப் பொரித்த இறாலையோ சிப்பியையோ நெருக்கமாக அடுக்குவர். அல்லது மாட்டிறைச்சியை நெடுநேரம் வேகவைத்து, இழை இழையாகப் பிரிந்து தன் குழம்பிலேயே ஊறும்படி செய்து, குழம்போடு சேர்த்து வைப்பர். கோசு போன்ற கீரையிலை, தக்காளி, ஊறவைத்த வெள்ளரி, முட்டையும் எண்ணெயும் கலந்து கடைந்த மேயனேஸ் ஆகியவற்றை மேலே இட்டுக் கொடுத்தால், ‘அலங்கரித்தது’ என்று அவ்வூரார் சொல்லுவர். கையில் காசு குறைந்தவனுக்கு வறுத்த உருளைக்கிழங்கின்மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றித் தருவதும் உண்டு.

இக்கடைகளில் ஆடம்பரம் கிடையாது. சுற்றுப்புறத்தாரே வாடிக்கைக்காரர். ரொட்டி அண்டையிலுள்ள பேக்கரியிலிருந்து அன்றன்று வரும். மற்றவற்றையெல்லாம் கடைக்காரரும் அவர் குடும்பத்தாரும் தங்கள் அடுப்பிலேயே சமைப்பர். காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பர். குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தால்தான் சாப்பாடு சரியாக அமைந்தது என்பது உள்ளூர்க் கொள்கை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்பவர், வருகிறவன் யார், எங்கே வேலை பார்க்கிறான், அவனுக்கு எந்த வாரம் கூலி வரவில்லை என்பதை அறிந்தவர். தொலைவிலுள்ள ஒரு கம்பெனி நூறு ஊர்களில் ஒரே மாதிரியாக நடத்தும் உணவுச்சாலைக்கும் இத்தகைய கடைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னதில் இருப்பவர் பண்டத்தை அறிவார்; பின்னதில் இருப்பவர் ஆளை அறிவார். ஆளை அறிந்தவர் கையில் அடுப்பு இருப்பது எவ்வளவு பெரிய சக்தி என்பதை இனிக் காண்போம்.

‘ஏழைப் பையன்’ வந்த கதை

பென்னி மார்ட்டின், க்ளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர் இருவர் லூயிசியானாவின் நாட்டுப்புறத்தில் ரேஸ்லாண்டு என்னும் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தவர்கள். இருவரும் டிராம் வண்டிகளில் கண்டக்டர் வேலை பார்த்தனர். 1922-ம் ஆண்டில் அவ்வேலையை விட்டு, நகரின் பழைய சந்தையருகே காப்பியும் ரொட்டியும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தனர்.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. டிராம் கம்பெனிக்கும் தொழிலாளர் சங்கத்திற்கும் நடந்த ஒப்பந்தப் பேச்சுக்கள் முறிந்து, 1929-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கம் உயிரோடு இருக்குமா என்பதும், சுமார் 1,100 பேருடைய ஜீவனமும் அதில் அடங்கியிருந்தன. கம்பெனியார் நியூயார்க்கிலிருந்து கருங்காலிகளை வரவழைத்தனர். ஜூலை 5-ந் தேதி கருங்காலி ஓட்டிய முதல் வண்டி வீதிக்கு வந்தது. பதினாயிரத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டனர். வண்டி தடுக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. தீ வைத்ததை நாம் புகழப் போவதில்லை. எந்தக் கட்சியின் கையிலிருந்து வந்தாலும் பலாத்காரம் பலாத்காரமே. ஆனால் ஒரு நகரமே தொழிலாளர் பக்கம் நின்றது என்பதற்கு அக்கூட்டம் சாட்சி.

ஊரிலுள்ள பல வியாபாரிகள் சங்கத்திற்கு உதவி செய்ய முன்வந்தனர். மார்ட்டின் சகோதரரும் சங்கத்திற்கு ஒரு கடிதம் எழுதினர். உங்கள் சங்கத்தைச் சேர்ந்த எவர் வந்தாலும் எங்கள் கடையில் சாப்பாடு இலவசம். நரகமே உறைந்து போகும் நாள் வரையிலும் உங்களோடு நிற்போம். அப்படி உறைந்தால் குளிருக்குக் கம்பளியும் தருவோம் என்பது அதன் சாரம். வாக்குக் கொடுத்தது கடினமல்ல. நாள்தோறும் காப்பாற்றுவதே கடினம். நூற்றுக்கணக்கான ஆட்களுக்குக் காசின்றி உணவளிக்கச் சிறிய கடை என்ன செய்யும்? பிரெஞ்சு முறை ரொட்டி இரு முனைகளிலும் குறுகியிருக்கும். வெட்டும்போது முனைகள் வீணாகும். ஆகவே ஜான் ஜெண்டுஸா என்னும் ரொட்டி சுடுபவருடன் கலந்து, முனைக்கு முனை ஒரே பருமனுள்ள 40 அங்குல நீள ரொட்டியைச் செய்வித்தனர். பாதியாக வெட்டினால் 20 அங்குலம். உழைத்துக் களைத்த ஆண்மகனின் வயிறு அதனால் நிரம்பும். தர்மம் செய்யப் புகுந்தவன் கணக்கையும் அறிந்திருந்தால்தான் தர்மம் நிலைக்கும் என்பதை இச்சகோதரர் உணர்ந்திருந்தனர்.

வேலைநிறுத்தக்காரன் ஒருவன் தூரத்தில் தெரிந்தவுடன், “அதோ, இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்” என்று கடையிலிருந்தவர்கள் சொல்லுவார்களாம். பென்னி மார்ட்டின் பின்னாளில் கூறிய செய்தி இது. ‘புவர் பாய்’ என்ற அந்தச் சொல் ஆளிடமிருந்து பண்டத்திற்குத் தாவியது; நாளடைவில் தேய்ந்து ‘போ பாய்’ என்றாயிற்று. இன்று அந்நகருக்குப் போகும் தனவந்தனும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ரொட்டி கேட்க வேண்டும்.

வேலைநிறுத்தம் வென்றதா? இல்லை. தொழிலாளர் தோற்றனர், வேலையையும் இழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் உலகத்தையே பொருளாதார மந்தம் சூழ்ந்தது. ஆயினும் மார்ட்டின் சகோதரரின் கடை நொடித்துப் போகவில்லை. பசித்த காலத்தில் உணவிட்ட கடையை ஊரார் மறக்கவில்லை. வாடிக்கை பெருகி, ஸென்ட் க்ளாட் அவென்யூவில் பெரிய இடத்திற்குக் கடை மாறியது. தோற்ற வேலைநிறுத்தம் ஒன்றின் ஞாபகச் சின்னம் கல்லிலும் செம்பிலும் நிற்காமல், தினந்தோறும் சுடப்படும் ரொட்டியில் நிற்பது உலகில் வேறெங்கும் காணுதற்கு அரிய காட்சி.

வண்டிக்குள் ஒரு திரை

இத்துடன் கதையை முடித்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் பாதி உண்மையாகவே இருக்கும். அந்த ‘ஏழைப் பையன்கள்’ ஓட்டிய டிராம் வண்டிகளுக்குள்ளே ஒரு திரை இருந்தது. முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பு மக்கள் என்று பயணிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என 1902-ம் ஆண்டில் லூயிசியானா சட்டம் செய்திருந்தது. இருக்கைகளின்மேல் பொருத்தும் மரப்பலகையே அந்தத் திரை. கம்பெனியின் அநீதியை எதிர்த்துத் தெருவில் நின்ற தொழிலாளரே, அந்தப் பலகையின் ஆட்சியை நாள்தோறும் நடத்தி வந்தனர். அது 1958-ம் ஆண்டு மே மாதம் வரையில் அகலவில்லை.

இதே நகரத்தில்தான், 1892-ம் ஆண்டில், ட்ரெமே என்னும் பகுதியில் வசித்த ஹோமர் ப்ளெஸ்ஸி என்ற சக்கிலித் தொழிலாளி, வெள்ளையருக்கென்று ஒதுக்கிய ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி அமர்ந்து கைதியானார். தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் குற்றமில்லை என்று 1896-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பின் நிழல் அரை நூற்றாண்டுக்கு மேலாக ரயிலிலும் பள்ளியிலும் பந்தியிலும் படர்ந்து கிடந்தது. தன் துன்பத்தை உணர்ந்தவன் பிறன் துன்பத்தையும் உணர்ந்துவிடுவான் என்று நாம் எளிதில் நம்பி விடுகிறோம். அது தானாக நிகழ்வதில்லை. ஒரு விலங்கை உடைக்கும் கையே மற்றொரு விலங்கைப் பூட்டக் கூடும். தேசத் தொண்டில் இறங்கியவர் எவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

டூக்கி சேஸ் கடை

ப்ளெஸ்ஸி வாழ்ந்த அதே ட்ரெமே பகுதியில், 1941-ம் ஆண்டில், எட்கர் சேஸ் என்பவரும் அவர் மனைவி எமிலியும் ஒரு தெருமுனைக் கடையைத் தொடங்கினர். ‘டூக்கி’ என்பது அவருடைய செல்லப் பெயர். கடையில் விற்றவை இரண்டு: லாட்டரிச் சீட்டும், வீட்டுப் பக்குவத்தில் செய்த போ பாய் ரொட்டியும். கறுப்பு மக்கள் கௌரவமாக அமர்ந்து உண்ணக்கூடிய இடங்கள் நகரில் அருமையாக இருந்த காலம் அது. கறுப்பு மக்களுக்கென்று பாங்கு இல்லாமையால், வெள்ளிக்கிழமை மாலைகளில் கூலிச் செக்கை எடுத்துக்கொண்டு தொழிலாளர்கள் இக்கடைக்கு வருவர். கடைக்காரர் செக்கை வாங்கிக்கொண்டு காசு கொடுப்பார். அவர்கள் ஒரு ரொட்டியும் பானமும் வாங்கிச் செல்வர். ஆகவே ரொட்டிக் கடை பாங்காகவும், பேட்டைச் சாவடியாகவும் ஆயிற்று.

1946-ம் ஆண்டில் இக்குடும்பத்திற்கு லியா என்னும் மருமகள் வந்து சேர்ந்தார். சிறு ஊரில் வளர்ந்தவர். வெள்ளையரின் உணவுச்சாலைகளில் பரிமாறி வேலை கற்றவர். அங்கே கண்டதை இங்கும் நடத்தவேண்டுமென்று ஆசைப்பட்டு, பெரிய கடல் இறாலைப் பாலேடு சேர்த்துச் சமைக்கும் ஐரோப்பியப் பண்டம் ஒன்றை அறிமுகம் செய்தார். வாடிக்கைக்காரர் முகம் சுளித்தனர். இது நமக்கு வேண்டாம் என்றனர். லியா அம்மையார் பாடம் கற்றார். தம் மக்கள் வீடுகளில் எதைச் சமைத்தனரோ அதையே சிறப்பாகச் சமைத்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்தார். சிவப்பு அவரைப் பயறும் சோறும், பொரித்த கோழியும், ‘கம்போ’ என்னும் குழம்பும் அக்கடையின் பெருமையாயின. கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர் எல்லாவற்றையும் இழந்தபின்னும் நாவில் வைத்துக் காத்த சொல் அது. சொந்தச் சரக்கைத் தாழ்வாக எண்ணாமல் உயர்ந்த முறையில் அளிப்பதே உண்மையான சுதேசியம் என்பதை இந்த அம்மையார் பிரசங்கம் எதுவுமின்றிக் காட்டிவிட்டார். கறுப்பு ஓவியர்கள் தீட்டிய படங்களையும் சுவர்களில் மாட்டினார்.

கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருந்தது. சிவில் உரிமை இயக்கம் வலுத்தபோது அந்த அறை ஆலோசனை மண்டபமாயிற்று. மார்ட்டின் லூதர் கிங் முதலிய தலைவர்களும், உள்ளூர் வக்கீல்களும், மாணவர்களும் அங்கே கூடினர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்வதைப் போலீஸார் பொறுக்காத காலத்தில், அங்கே இரு இனத்தாரும் ஒரே மேஜையில் உண்டு பேசினர். போலீஸாருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் அக்கடையைச் சோதனை செய்யத் துணியவில்லை. ஊரே விரும்பும் கடையின்மேல் கை வைத்தால் ஊரே கிளம்பும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஒரு முறை கடையின்மீது வெடிகுண்டு எறியப்பட்டது; அதன் பின்னும் அடுப்பு அணையவில்லை. பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்து 1961-ம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கிப் புறப்பட்ட ‘சுதந்திரப் பயணிகள்’ வழியில் அடியும் உதையும் பட்டனர். அந்த இயக்கத்தாருக்கு உணவளித்த இல்லங்களில் இக்கடையும் ஒன்று.

கனால் வீதியில் நால்வர்

டூக்கி சேஸ் கடையில் பானம் பரிமாறும் வேலையில் இருந்தவர் வர்ஜி காஸில் என்ற பெண்மணி. அவருடைய மகள் ஓரிதா காஸில் கல்லூரி மாணவி. ‘இனச் சமத்துவக் காங்கிரஸ்’ என்னும் சங்கத்தின் முன்னணித் தொண்டர். அச்சங்கம் 1942-ம் ஆண்டில் சிகாகோவில் பிறந்தது. அதன் ஸ்தாபகர்கள் கைவிளக்காகக் கொண்ட நூலொன்று உண்டு: ‘பலாத்காரமற்ற யுத்தம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1939-ம் ஆண்டில் கிருஷ்ணலால் ஸ்ரீதராணி எழுதியது. அந்த ஸ்ரீதராணி யார்? 1930-ம் ஆண்டில் மகாத்மா காந்தியுடன் தண்டிக்கு நடந்த தொண்டர் படையில் ஒருவர். ஸபர்மதியில் கற்ற பாடம் கடல் கடந்து சிகாகோவுக்குச் சென்றது. அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸின் ஆகாரப் பலகைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பிடி உப்பில் தொடங்கிய முறை, ஒரு கோப்பைக் காப்பியைக் கேட்கும் முறையாக மலர்ந்தது.

1960-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி வட கரோலினாவில் க்ரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்குரிய ஆகாரப் பலகையில் அமர்ந்து எழ மறுத்ததும், அத்தீ தென்னாடு முழுவதும் பரவியது. நியூ ஆர்லியன்ஸில் செப்டம்பர் 9-ந் தேதி கனால் வீதியிலுள்ள உல்வொர்த் கடையில் ஏழு பேர் அமர்ந்தனர். இனி இத்தகைய செயல்களை அனுமதிக்க முடியாது என்று நகர மேயரும் போலீஸ் தலைவரும் அறிக்கை விட்டனர். செப்டம்பர் 17-ந் தேதி மெக்ரோரி கடையில் நால்வர் சென்று அமர்ந்தனர். ஓரிதா காஸில், ரூடி லோம்பார்டு, ஸெஸில் கார்ட்டர் என்ற மூவர் கறுப்பர். லானி கோல்டுபிஞ்ச் என்ற நான்காமவர் வெள்ளை மாணவர்.

அந்தக் கடையின் மற்றப் பகுதிகளில் கறுப்பு மக்கள் எதையும் விலைக்கு வாங்கலாம். அவர்கள் காசுக்கு அங்கே தீட்டு இல்லை. ஆனால் முன்புறத்து ஆகாரப் பலகையில் அமரலாகாது. பின்புறத்தில் உங்களுக்கென்று தனிப் பலகை இருக்கிறது என்று கடையார் சொன்னார்கள். நால்வரும் எழவில்லை, கோபிக்கவுமில்லை. கைது செய்யப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் 60 நாள் சிறையும் 350 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வெள்ளை மாணவர்மீது அராஜகக் குற்றமும் சேர்த்துச் சுமத்தப்பட்டது. தன் இனத்தின் சலுகையைத் துறப்பவனை ஆதிக்கக்காரர் எவ்வளவு வெறுக்கின்றனர் என்பதற்கு இது அடையாளம்.

அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. உணவுச்சாலைகளில் இனத்தைப் பிரிக்க வேண்டும் என்று அந்நகரத்தில் எழுதப்பட்ட சட்டமே இல்லை. ஆனால் மேயரும் போலீஸ் தலைவரும் விட்ட அறிக்கைகள் சட்டத்தைப் போலவே வேலை செய்தன. ஆகவே இது சர்க்காரின் செயலே என்று கோர்ட்டு கூறி, 1963-ம் ஆண்டு மே 20-ந் தேதி தண்டனைகளை ரத்துச் செய்தது. நேயர்கள் இத்தீர்ப்பின் கருத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத சட்டம், அதிகாரியின் வாயிலும் ஊர் வழக்கத்திலும் இருந்துகொண்டு ஆட்சி செய்யக் கூடும். எழுதிய சட்டத்தை மாற்றுவது எளிது. எழுதாத சட்டத்தை மாற்ற, யாரேனும் போய் அந்த இருக்கையில் அமர்ந்துதான் ஆகவேண்டும்.

வீட்டுப் பக்குவம் மட்டும் போதாது

1964-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சிவில் உரிமைச் சட்டம் பிறந்தது. உணவுச்சாலைகளில் இனப் பிரிவினை கூடாது என்று அது விதித்தது. உடனே அலபாமா ராஜ்யத்தில் பர்மிங்ஹாம் நகரத்து ‘ஓலீஸ்’ என்னும் உணவுச்சாலை கோர்ட்டுக்குச் சென்றது. 1927-ம் ஆண்டு முதல் ஒரே குடும்பம் நடத்தி வந்த கடை. நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கும் வீட்டுப் பக்குவத்துப் பணியாரங்களுக்கும் பேர்போனது. 220 பேர் அமரலாம். வேலைக்காரர் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பு மக்கள். ஆயினும் கறுப்பு மக்கள் உள்ளே அமரக் கூடாது. வாங்கிக்கொண்டு வெளியே போகலாம். சமைப்பதற்கு அவர்கள் கை வேண்டும்; உண்பதற்கு அவர்கள் அருகிருக்கக் கூடாது! நாங்கள் உள்ளூர்க் கடை. அகில நாட்டு வியாபாரத்தை ஆளும் காங்கிரஸின் சட்டம் எங்களை எப்படிக் கட்டும் என்று அவர்கள் வாதித்தனர். முந்திய ஆண்டில் அவர்கள் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் பெறுமான உணவுப் பொருளில் 69,683 டாலருக்கு வாங்கிய இறைச்சி வெளி ராஜ்யங்களிலிருந்து வந்தது என்பதைச் சுட்டி, சட்டம் செல்லும் என்று 1964-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இந்த இரு கடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் குடும்பக் கடைகள். இரண்டிலும் வீட்டுப் பக்குவம். இரண்டையும் சுற்றுப்புறத்தார் விரும்பினர். ஒன்றின் மாடியில் விடுதலை வளர்ந்தது. மற்றொன்றின் வாசலில் விடுதலை தடுக்கப்பட்டது. ஆகவே சொந்த அடுப்பு, சொந்தக் கை, பரம்பரைப் பக்குவம் என்று பெருமை பேசுவதில் மட்டும் பயனில்லை. அந்த அடுப்பில் ஆன சோற்றுக்கு முன் யார் உட்காரலாம் என்பதே உரைகல். பந்தியில் வஞ்சனை செய்கிறவன் எத்தனை சுவையாகச் சமைத்தாலும் அந்தச் சோறு கசப்பே.

நினைக்க வேண்டியவர்கள்

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அடித்த காத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரமே நீரில் மூழ்கியது. டூக்கி சேஸ் கடையும் தப்பவில்லை. எண்பது வயதைக் கடந்திருந்த லியா அம்மையார் கடையைக் கைவிட்டுவிடவில்லை. அன்பர்கள் உதவி செய்ய, 2007-ம் ஆண்டில் கடை மீண்டும் திறக்கப்பட்டது. 2019-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, தமது 96-வது வயதில், அவர் காலமானார். லாட்டரிச் சீட்டும் ரொட்டியும் விற்ற தெருமுனைக் கடையில் தொடங்கிய குடும்பத்தின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.

தண்டிக்குச் சென்ற பாதையை நினைத்தோம். அதே 1930-ம் ஆண்டில் நம் நாட்டிலேயே திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு ராஜாஜியின் தலைமையில் நடந்த உப்புப் படையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் உத்தரவு போட்டார். நேரில் அழைத்து உணவிட முடியாத ஜனங்கள் சோற்று மூட்டைகளைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கட்டியவர் யார் என்று போலீஸாருக்குத் தெரியவில்லை. இன்று நமக்கும் தெரியாது. அவர்கள் எழுதிய கடிதம் எதுவும் கிடையாது. அவர்கள் பெயரால் பண்டமும் கிடையாது. ஆனால் மார்ட்டின் சகோதரரின் கடிதத்தில் இருந்த உறுதியும், லியா அம்மையாரின் மாடி அறையில் இருந்த துணிவும் அந்த மூட்டைகளிலும் இருந்தன.

அதிகாரம் உணவிடுவோரைக் கண்டு ஏன் அஞ்சுகிறது? உணவிடுவதென்பது ஒரு பக்கத்தில் நிற்பதாகும் என்பதை அது நன்கு அறியும். மேயர்களும் கலெக்டர்களும் அறிந்த இவ்வுண்மையை நாமும் அறிய வேண்டாவா? சமத்துவத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வீடு திரும்பும் அன்பர்களை ஒன்று கேட்கிறோம்: உங்கள் தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் ஒரே பலகைதானா? ஒரே குவளைதானா? உங்கள் வீட்டுச் சமையற்கட்டில் உழைக்கிறவர், உங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உண்ணுகிறாரா? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை சொல்ல முடிகிறவனே மற்றவர்முன் சுதந்திரத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ளவன். மற்றவர்கள் முதலில் வீட்டுக்குப் போய், இன்னும் ஓர் இலை போட்டுவிட்டு வரட்டும்.